பாப்பா பார்க்கலாம் என்று நான் சொன்ன வீடியோ

எங்கள் வீட்டில் எழுத்து இருக்கிற எதுவும் முதலில் என் கைக்குத்தான் வரும். மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி, பள்ளிக்கூடத்திலிருந்து வந்த துண்டுச்சீட்டு, கேஸ் புத்தகம், பக்கத்து வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகூட. குடும்பத்தில் கல்லூரிவரை போன முதல் ஆள் நான். இப்போது சூலக்கரையில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர், ஒப்பந்த வேலை. ஒரு தாளைப் பார்த்து நான் தலையாட்டிவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது. யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒருநாள் காலையில் அண்ணன் என்னிடம் செல்போனை நீட்டியதும் அந்தப் பழக்கத்தில்தான்.

அண்ணன் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிற அறையில் வேலை பார்த்தவன். இரண்டு வருடத்துக்கு முன்னால், தீபாவளி ஆர்டர் நெருக்கிய நேரத்தில், அந்த அறை வெடித்துப் போய்விட்டது. உள்ளே இருந்த இரண்டு பேரில் அவன் ஒருவன்தான் மிஞ்சினான். மதுரை பெரியாஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்து வீட்டுக்கு வந்தபோது, அவன் முகத்தின் இடது பக்கமும் கழுத்தும் வழிந்து இறுகிய மெழுகு மாதிரி இருந்தன. இடது காது இல்லை. வலது கையில் மூன்று விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அவன் வருவதற்கு முந்தின நாளே மதினி கண்ணாடியை ஆணியிலிருந்து கழற்றிப் பரணில் போட்டுவிட்டாள்.

அவன் மகளுக்கு அப்போது நாலு வயது. நாங்கள் எல்லாரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாள் அழுதாள். அடுத்த நாள் கதவைப் பிடித்துக்கொண்டு எட்ட நின்று பார்த்தாள். ஒரு வாரத்தில் மடியில் ஏறிவிட்டாள். அவளிடம் ஒரு சின்ன பிளாஸ்டிக் கார் இருந்தது. அதை அண்ணனின் தோளில் கிளப்பி, கழுத்துத் தழும்பு வழியாகக் கன்னம்வரை ஓட்டுவாள். "இங்கன பள்ளம் இருக்கு, மெதுவா போணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு ரோடாகக் கிடப்பான். கார் ஓடத் தொடங்கிய பிறகு ஒருநாள் அவனே பரணில் ஏறிக் கண்ணாடியை இறக்கி மறுபடியும் ஆணியில் மாட்டினான்.

மதினி காலையில் கம்பெனி வேனில் போனால் பொழுது சாயத்தான் திரும்புவாள். பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, கூட்டி வருவது, சோறு ஊட்டுவது எல்லாம் அண்ணன்தான். சாயங்காலம் சோறு இறங்க அவளுக்கு செல்போன் வேண்டும். தெருவில் எல்லாப் பிள்ளைகளும் கேம் வீடியோ பார்க்கிறார்கள் என்று அவளும் கேட்டாள். ஒருவன் கேம் விளையாடிக்கொண்டே பேசுவான், பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

"ஏலே, பாப்பா இதப் பாக்கலாமா? நீ பாத்துச் சொல்லு. மேல என்னமோ எழுதிருக்கு, எனக்கு வெளங்கல" என்றான் அண்ணன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒரு காலில் செருப்பு போட்டிருந்தேன், இன்னொரு காலில் இல்லை. தலைப்பை வாசித்தேன். ஒரு பொம்மைப் பள்ளிக்கூடம், பெரிய பெரிய கண்ணோடு பிள்ளைகள், அறை அறையாகச் சாவி தேடுகிறார்கள். பேசுகிறவன் கலகலப்பாகப் பேசினான், கெட்ட வார்த்தை இல்லை. விரலால் தள்ளித் தள்ளி நாலைந்து இடம் பார்த்தேன். துப்பாக்கி இல்லை, ரத்தம் இல்லை. முக்கியமாக, வெடி இல்லை. அந்த அறை போன நாளிலிருந்து எங்கள் வீட்டில் வெடிச்சத்தம் ஆகாது. டிவியில் சண்டை வந்தாலே மதினி எழுந்துபோய் சத்தத்தைக் குறைத்துவிடுவாள். அதனால் நான் வெடியைத்தான் தேடினேன்.

"பாக்கலாம்ணே. ஒண்ணுமில்ல, பொம்ம கேம்தான்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். மதினி கேட்டபோது, தம்பி பார்த்துவிட்டான் என்று அவன் சொல்லியிருக்கிறான். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது பாப்பா ஒரு புதுச் சட்டம் போட்டாள். "நீ முன்னாடி போப்பா. நான் பின்னாடி வாரேன்." கையையும் கொடுக்கவில்லை. எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

"இவ கலெக்டரம்மா. உங்கப்பா டவாலி. முன்னாடி போயி வழி விடச் சொல்லணுமாக்கும்" என்று மதினி கேலி செய்தாள். அண்ணனும் தோளில் குறுக்கே பட்டை போட்டவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி இரண்டு எட்டு நடந்து காட்டினான்.

அப்புறம் கார் நின்றுபோனது. ரிப்பேரா என்று அண்ணன் கேட்டதற்கு ஆமாம் என்று தலையை ஆட்டினாள். சோற்றை ஸ்பூனில்தான் வாங்கிக்கொள்வேன் என்றாள். வளர்கிறாள், வெட்கம் வந்துவிட்டது என்று நாங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தோம். பள்ளிக்கூடத்தில் யாரோ அவளிடம் ஏதோ சொல்லியிருப்பார்கள் என்று மதினி சந்தேகப்பட்டாள். ஒருநாள் வேலைக்கு லீவு போட்டு டீச்சரிடம் போய்ச் சண்டைக்கு நின்றாள். டீச்சர் பாவம், ஒன்றும் புரியாமல் விழித்திருக்கிறார். அப்படி எதுவும் நடக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எனக்கு வேறு வேலை இல்லாததால், பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து அந்த வீடியோவைப் பார்த்தேன். பாதிக்கு மேல் போனதும் பள்ளிக்கூடத்தில் விளக்கு அணைந்தது. நடைபாதையில் ஓடுகிற பிள்ளைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள் வந்தான். அந்தப் பள்ளிக்கூடத்துக் காவல்காரன். முகத்தின் ஒரு பக்கம் உருகித் தொங்கியது. நீட்டிய கையில் விரல்கள் ஒட்டியிருந்தன. "உருகுன மூஞ்சி வந்துட்டான், ஓடுங்க" என்று பேசுகிறவன் கத்தினான். கத்திவிட்டுச் சிரித்தான்.

பாப்பா கத்தவில்லை. அந்த இடம் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. போனிலிருந்து கண்ணை எடுத்து வாசல் பக்கம் திரும்பி, அப்பா எங்கே இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டாள். அவன் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். பிறகு மறுபடியும் போனுக்குத் திரும்பினாள்.

நான் போனை வாங்கி, அந்த சேனலே வராதபடி செய்தேன். கண்ணுக்குக் கெடுதல் என்று எல்லாரிடமும் பொய் சொன்னேன். இரண்டு நாள் அந்தப் பொய் நின்றது. மூன்றாம் நாள், நான் குழாயடியில் பல் தேய்க்கும்போது அண்ணன் வந்து நின்றான். வீடியோவில் வருகிற உருகுன மூஞ்சியைப் பற்றிப் பாப்பா அவள் அம்மாவிடம் சொல்லி, மதினி அவனிடம் சொல்லிவிட்டாள்.

"அதக் காட்டு."

அழித்துவிட்டேன் என்றேன்.

"தேடினா வரும்லா. நீதான படிச்சவன்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

கட்டிலில் உட்கார்ந்து காட்டினேன். நான் தள்ளித் தள்ளிப் பார்த்ததை அவன் முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் பார்த்தான். காவல்காரன் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னான். போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தான்.

"ஏலே, இவனுக்கு ரெண்டு காதும் இருக்குலே. நமக்குத்தான் ஒண்ணு கொறயுது" என்று சிரித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை. அவன் ஒட்டின விரல்களை எனக்குக் காட்டி, பிறகு போனில் இருந்த விரல்களைத் தொட்டான். "இத வரஞ்சவன் எங்கள மாதிரி யாரையோ பாத்துருக்கான். பாக்காம இம்புட்டு சரியா வராது."

அன்றைக்கு அலுவலகத்தில் எனக்கு வேலை ஓடவில்லை. அந்த வீடியோவில் வாசிக்க எதுவுமே இல்லை. உட்கார்ந்து பார்க்க மட்டும்தான் இருந்தது. அண்ணன் ஒரு தடவை பார்த்திருந்தால், தன் மகள் இதைப் பார்க்கலாமா என்று அவனுக்கு உடனே தெரிந்திருக்கும். மேலே நாலு எழுத்து இருந்ததனால் அவன் என்னிடம் கொடுத்தான். நான் வெடியைத் தேடினேன், அந்த வெடி எங்கள் வீட்டில் விட்டுப்போன முகத்தைத் தேடவில்லை. வேறொரு வீட்டில் அந்தக் காவல்காரனைப் பார்த்துப் பிள்ளை ஒரு நிமிஷம் பயந்து மறந்துவிடும். எங்கள் வீட்டில் அவனுடையதைப் போன்ற ஒரு கைதான் பிள்ளைக்குச் சோறு ஊட்டியது.

பாப்பாவிடம் பேசிப் பார்த்தேன். அது யாரோ வரைந்த பொம்மை என்றேன். "தெரியும் சித்தப்பா" என்றாள்.

"அப்ப அப்பாட்ட போகலாம்லா?"

கொஞ்ச நேரம் சட்டைப் பொத்தானைத் திருகினாள். "அப்பா பின்னாடி வந்தா மட்டும்தான் பயமா இருக்கு. அப்பாட்ட சொல்லிராதீக."

நான் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாமலும் இல்லை. கண்ணாடி மறுபடியும் பரணுக்குப் போயிருந்தது. யார் எடுத்து வைத்தது என்று நான் கேட்கவில்லை.

விஷயம் வேனில் பரவி, மதினியோடு வேலை பார்க்கிற பெண்கள் இப்போது தங்கள் போன்களை அவளிடம் கொடுத்தனுப்புகிறார்கள். எம்பிள்ள பாக்கலாமான்னு உங்க கொழுந்தனார்ட்டக் கேட்டுச் சொல்லு என்று. நான் வாங்குவதில்லை. பிள்ளையோடு உட்கார்ந்து, சத்தத்தோடு, தள்ளிவிடாமல் முழுவதும் பாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். ஒரு அக்கா பஸ் ஸ்டாப்பில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, ராத்திரி சோத்துக்கு ஒல வச்சுக்கிட்டு நான் இத எப்ப முழுசாப் பாக்க? நீங்க ஆபீஸ்ல ஃபேனுக்கடியில இருக்கீக, சொல்லிருவீக" என்றாள். அவள் நகத்துக்குள் பட்டாசின் வெள்ளி மருந்து கழுவியும் போகாமல் ஒட்டியிருந்தது. முழுவதும் பார்க்க முடியாவிட்டால், அது ஓடும்போது பிள்ளை முகத்தையாவது பாருங்கக்கா, எங்கே திரும்பிப் பார்க்கிறது என்று கவனியுங்க என்றேன். சரி என்றாள். பார்த்தாளோ என்னவோ.

காலையில் நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது அண்ணனும் பாப்பாவும் பள்ளிக்கூடத்துக்குப் போவது தெரியும். அவன் முன்னால் போகிறான். தலையில் துண்டு, தோளில் அவளுடைய பை. அவள் பத்தடி பின்னால் வருகிறாள். அவன் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பினால் முகம் தெரியும் என்று அவனுக்குத் தெரியும். அவளுடைய செருப்புச் சத்தத்தை வைத்துத்தான் நடக்கிறான். சத்தம் நின்றால் அவனும் நின்றுவிடுகிறான். அவள் குனிந்து ஒரு கல்லையோ பூவையோ எடுத்துக்கொண்டு மறுபடி நடக்கிற வரைக்கும், முதுகைக் காட்டியபடி, ரோட்டைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான்.