கப்பல் பங்களாவின் வெள்ளை ரோஜா

வாழவந்தி போகும் பஸ் அந்த வளைவில் திரும்பும்போதெல்லாம் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே சிவப்பு ஓட்டுக் கூரை கொஞ்சம் தெரியும். அதற்கு மேல் கப்பல் பங்களாவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஏற்காட்டிலேயே பிறந்து, படித்து, இங்கேயே ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலையும் பார்க்கிறேன். ஆனால் அந்த கேட்டைத் தாண்டி ஒரு நாளும் போனதில்லை. எப்போதும் பூட்டுத் தொங்கும்.

இந்த ஜூன் மாதம் அதைத் திறந்துவிட்டார்கள். சனிக்கிழமைகளில் வீட்டையும் தோட்டத்தையும் வெளியாட்கள் பார்க்கலாம் என்று கடைவீதியில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதைப் படித்த இடத்திலேயே நின்று அக்காவுக்குப் போன் செய்தேன்.

"நானும் வர்றேன்" என்றாள் அக்கா, நான் கேட்டு முடிப்பதற்குள். பழைய வீடுகளில் அவளுக்கு ஆர்வம் கிடையாது. அவள் வருவதற்குக் காரணம் வேறு.

எங்கள் மாதா கோவில் வாசலில் ஒரு இரும்பு வளைவு இருக்கிறது. அதன்மேல் ஒரு வெள்ளைக் கொடி ரோஜா படர்ந்திருந்தது. பூக்கள் சின்னவை, கொத்துக் கொத்தாக வரும், பக்கத்தில் போனால் ஏலக்காய் வாசம் அடிக்கும். கல்யாணப் பெண் அதற்குக் கீழேதான் உள்ளே வருவாள். சவப்பெட்டியும் அதற்குக் கீழேதான் வெளியே போகும். பீடத்துக்குப் பூ வைக்கும் வேலை அக்காவுடையது என்பதால் அந்தச் செடியும் அவள் பொறுப்பில் இருந்தது. போன ஜனவரியில், காபிப் பழம் உரிக்கும் சமயத்தில், பக்கத்து எஸ்டேட்டிலிருந்து பழத்தோலைக் கூடை கூடையாக வாங்கிவந்து அதன் வேரைச் சுற்றிக் குவித்தாள். காபித் தோல் நல்ல எருதான். ஆனால் மட்கிய பிறகு. உரித்த கையோடு போட்டால் உள்ளுக்குள் அடுப்பு மாதிரி கனலும். தவக்காலம் தொடங்கியபோது இலைகள் உதிர்ந்தன. ஈஸ்டருக்கு வளைவில் வெறும் குச்சிகள்தான் மிச்சம்.

எல்லோரும் இந்த வருஷ வெயிலைத் திட்டினார்கள். அக்கா என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். காய்ந்த கொடியை வெட்டி எடுக்க யாரையும் விடவில்லை. ஏறி இறங்காத நர்சரி இல்லை, அந்த ரகம் எங்கேயும் கிடைக்கவில்லை. அந்தச் செடி ஒரு காலத்தில் கப்பல் பங்களாவிலிருந்து வந்தது என்று கோவிலில் வயதானவர்கள் சொல்வார்கள். "அது திரும்பி வரலீன்னா பூ வேலைய வேற யாருக்காச்சும் குடுத்துருவேன் புள்ள. ஒரு செடியக் கொன்ன கையால பீடத்துக்குப் பூ வெக்க எனக்கு மனசு வரல" என்று ஒரு நாள் என் சமையலறையில் நின்று சொன்னாள். அவள் சொன்னால் செய்வாள்.

சனிக்கிழமை காலை தூறலில் பஸ் ஏறினோம். அவள் கைப்பை மடியில் கனமாக உட்கார்ந்திருந்தது.

"உள்ள என்னக்கா?"

"குடை."

குடை அவள் கையில் இருந்தது. பையைத் திறந்து பார்த்தேன். பேரிக்காய் சீவும் கத்தி, ஈரத்துண்டு, பிளாஸ்டிக் கவர்.

"கேட்டா குடுத்துருவாங்கக்கா."

"கேட்டு வாங்குனா புடிக்காது. ரோஜாக் குச்சி திருடித்தான் நடோணும். இதுகூடத் தெரியாதா உனக்கு?"

"கோவில்ல நடறதுக்குத் திருடுவியா?"

"கோவிலுக்குத்தான திருடறேன், ஊட்டுக்கா?"

எங்கள் பக்கம் பூச்செடி வளர்ப்பவர்கள் பலருக்கும் இந்த நம்பிக்கை உண்டு. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தே திருடிக்கொள்வார்கள். எனக்கு அது ஒத்துவராது. ஆனால் அன்று வாதம் செய்யும் நிலையில் நான் இல்லை. பஸ் வளைவை நெருங்கிக்கொண்டிருந்தது. கேட் அகலத் திறந்திருப்பது தூரத்திலேயே தெரிந்துவிட்டது. பஸ் நிற்பதற்கு முன்பே எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே போனதும் ஒரு பலகை: பூ பறிக்காதீர்கள், கிளை ஒடிக்காதீர்கள். அக்கா அதைச் சத்தமாக வாசித்தாள். "ஒடிக்கக் கூடாதுன்னுதான் போட்டிருக்குது. வெட்டறதப் பத்தி ஒண்ணும் போடலயே" என்றாள்.

எங்களைச் சுற்றிக்காட்ட வந்தவர் வாழவந்திக்காரம்மா ஒருவர். எங்கள் வயதுதான் இருக்கும். புடவைமேல் பச்சைக் கோட்டுப் போட்டு, கையில் பெரிய கறுப்புக் குடை வைத்திருந்தார். "வாங்கம்மா, வாங்க. செருப்ப இங்கயே உட்டுருங்க. மரத்தரை, ஈரம் ஆகாது" என்று உள்ளே அழைத்துப் போனார்.

ஒவ்வொரு அறையிலும் நான் நின்ற நேரத்தை நினைத்தால் அக்காவின் பொறுமையைப் பாராட்டத்தான் வேண்டும். இந்த வீட்டைக் கட்டியவர் கப்பலில் வேலை பார்த்த வெள்ளைக்காரர். வயதான காலத்தில் கடலோரமாக ஒரு வீடு கட்டி உட்கார ஆசைப்பட்டாராம். அவர் மனைவிக்குக் கடலோர வெக்கை ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் அந்தக் கடலோர வீட்டை அப்படியே மலைமேல் கட்டிவிட்டார். சாப்பாட்டு அறையில் பித்தளை விளிம்பு போட்ட வட்ட ஜன்னல்கள். படுக்கையறையில் அலமாரியே கிடையாது. சுவருக்குள்ளேயே இழுப்பறைகள், இழுத்தால் விழாதபடி கொக்கி வைத்தவை. சாப்பாட்டு மேசையைச் சுற்றி விரல் உயரத்துக்கு ஒரு மரவரம்பு ஓடியது. அது எதற்கு என்று கேட்டேன்.

"கப்பல் ஆடுறப்ப தட்டு நழுவி உழுகாம இருக்கறதுக்குங்க" என்றார் அந்தம்மா.

"மலையும் ஆடும்னு நெனச்சிட்டாரா அந்த மனுசன்?" என்றாள் அக்கா. அந்தம்மா சிரித்த சிரிப்பில் குடை கையிலிருந்து விழுந்தது. அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்துகொண்டார்கள்.

பிறகு தெற்கு வராந்தாவுக்குப் போனோம். வீடு மலையின் விளிம்பில் நிற்கிறது என்பது ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. வராந்தா அரைவட்டமாக வெளியே நீண்டிருந்தது, கப்பலின் மேல்தளம் போலவே கம்பிக் கைப்பிடியோடு. கீழே சேலம் இருக்க வேண்டிய இடத்தில் சேலம் இல்லை. பனிமூட்டம் கைப்பிடிக் கம்பிக்குச் சற்றுக் கீழேவரை மட்டமாக நிரம்பிக் கிடந்தது. அதற்குமேல் இரண்டு மூன்று குன்றுகளின் தலைகள் மட்டும் தீவுகள் மாதிரி வெளியே நின்றன. விளிம்பை ஒட்டி வரிசையாகச் சவுக்கு மரங்கள். மலைமேல் சவுக்கு எதற்கு என்று நான் யோசிப்பதற்குள் காற்று வந்தது. சவுக்கு இலைகளுக்குள் அது புகுந்த சத்தம் அலைச் சத்தமேதான். மெரினாவில் கண்ணை மூடி நின்றால் கேட்கும் அதே சத்தம். சத்தத்துக்காகவே ஒருவர் மரம் நட்டிருக்கிறார்! நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்து, "கேளு, கேளு" என்றேன்.

"கேக்குது புள்ள. ரோஜா எங்கன்னு கேளு" என்றாள் அவள் என் காதில்.

தோட்டத்தில் இறங்கினோம். ஊதா ஹைட்ரேஞ்சியாக்கள் இடுப்பு உயரத்துக்கு, கொத்து ஒவ்வொன்றும் முட்டைக்கோஸ் அளவு. பாசி படிந்த பேரிக்காய் மரங்கள். கல் படிகளின் இரண்டு பக்கமும் பெரணிகள். புல்வெளி நடுவில் கொடிக்கம்பம், அதன் அடியில் பச்சை பிடித்த மணி. எனக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்றே தெரியவில்லை. அக்கா எதையும் பார்க்கவில்லை. வளைவுகளை மட்டும் தேடினாள். முன்பக்க வளைவில் காகிதப்பூ ஏறியிருந்தது. பக்கத்து வளைவு வெறுமையாக நின்றது. அவள் நடை மெதுவானது. முகம் சுண்டிவிட்டது.

நான் அந்தம்மாவிடம் கேட்டேன்: "இங்க வெள்ளைக் கொடி ரோஜா ஒண்ணு இருந்ததாச் சொல்வாங்களே?"

"அதுங்களா? முன்னால எல்லாம் எடுத்துட்டாங்க, முள்ளு நொம்ப. சமையக்கட்டுக்குப் பின்னால ஒண்ணு கெடக்குது, வாங்க."

வீட்டின் பின்பக்கம், மழைத்தண்ணீர்த் தொட்டியின் மேல், பாதி கூரைவரை ஏறி அது பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. தூறலில் இதழ்கள் தொட்டித் தண்ணீரில் உதிர்ந்து மிதந்தன. அக்கா ஒரு கொத்தை முகத்தருகே இழுத்து மோந்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணால் சைகை காட்டினாள்: இந்தம்மாவை அந்தப் பக்கம் கூட்டிப் போ.

அதில் எனக்குச் சாமர்த்தியம் கிடையாது. மணியைப் பற்றி ஏதோ கேட்டேன். அதை ஏற்கெனவே சொல்லிவிட்டார் அவர். அந்த நேரம் பார்த்து, இப்போது இந்த பங்களாவுக்குச் சொந்தக்காரர்களான எஸ்டேட் குடும்பத்தின் மருமகள் ரப்பர் பூட்ஸோடு, கையில் செடி வெட்டும் கத்தரியோடு அந்தப் பக்கம் வந்தார். "இந்த ரோஜா பிடிச்சிருக்காங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஒரு குச்சி கிடைக்குங்களா? எங்க கோவில் வாசல்ல இருந்தது பட்டுப்போச்சுங்க" என்று சொல்லிவிட்டேன். என் வாய் அப்படித்தான்.

அவர் யோசிக்கக்கூட இல்லை. பென்சில் பருமனில் ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்து, கணுவுக்குக் கீழே வெட்டி, இலைகளைக் கழித்து, அடி நுனியில் ஒரு நீல நைலான் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டார். "நூல் இருக்கிற பக்கம் மண்ணுக்குள்ள போகணும். தலைகீழா நட்டுட்டு வரலேன்னு சொல்றவங்க நிறைய" என்று சிரித்து, என் கையில் கொடுத்துவிட்டு பேரிக்காய் மரங்களின் பக்கம் போய்விட்டார்.

அக்காவின் பார்வையில் தொட்டித் தண்ணீர் கொதித்திருக்கும். "கெடுத்துட்டியே. வாயத் தொறந்து கேட்டே போட்டியே!"

வாழவந்திக்காரம்மாவும் வாயில் கைவைத்துவிட்டார். "ஐயோ, கேட்டு வாங்கிட்டீங்களா? அது எப்படிங்க புடிக்கும்?"

"நீங்களே சொல்லுங்க இவளுக்கு!" என்றாள் அக்கா. "கோவில் செடிங்க. நாந்தான் பச்சைக் காபித் தோலப் போட்டுச் சாகடிச்சேன். இது ஒண்ணுதான் எனக்கு வழி."

என்னைத் தவிர யாரிடமும் அவள் அதுவரை அதைச் சொன்னதில்லை. அந்தம்மா அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு குடையை விரித்து, எங்களுக்கு முதுகைக் காட்டி, பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றுகொண்டார்.

"மழை பெலமா வரும்போல இருக்குதுங்க. நான் மேகத்தப் பாத்துட்டு இருக்கறேன். எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும்."

அக்கா கத்தியை எடுத்தாள். இரண்டு குச்சி. ஈரத்துண்டில் சுற்றி, கவரில் போட்டு, பையை மூடியதும் பெரிதாக இருமினாள். அந்தம்மா திரும்பினார். "மழை வராதுங்க" என்றார்.

பஸ்ஸில் அக்கா சின்னப் பெண் மாதிரி சிரித்துக்கொண்டே வந்தாள். நான் சவுக்கு மரங்களைப் பற்றியும் மேசை வரம்பைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தேன். இருவரும் மற்றவர் சொன்னதைக் கேட்டோமா என்பது சந்தேகம்.

மூன்று குச்சிகளையும் அவள் வீட்டுக் கொல்லையில் ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் நட்டாள். திருடிய இரண்டும் நடுவில். நான் வாங்கியது ஓரத்தில், "பாவம், அதும் கெடக்கட்டும்" என்று. ஆடி மாதத்தில் ஒரு ராத்திரி ஒரு பூனை டப்பாவை உருட்டிவிட்டது. இருட்டில் அவசரமாகத் திரும்ப நட்டதில் எது எது என்று அவளுக்கே தெரியாமல் போயிற்று. ஒன்று கறுத்தது. இன்னொன்றும் கறுத்தது. தினமும் போன் செய்து, "இன்னும் ஒண்ணு பச்சையாத்தான் இருக்குது" என்பாள். ஒரு காலையில் போனை எடுத்ததும் வணக்கம்கூட இல்லை: "துளிர் உட்டுருச்சு! திருடுனது எப்படிப் பொழைச்சுது பாத்தியா!"

செப்டம்பர் கடைசியில், முழங்கால் உயரத்துக்கு வந்தபிறகு, ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் வாசலில் நட்டோம். காய்ந்த பழைய கொடியை அவளே வெட்டி இறக்கினாள். காபித் தோல் போட்ட மண்ணை முழுக்க வாரிவிட்டு, புது மண் போட்டுக் குழி எடுத்தாள். பெண்கள் சுற்றி நின்றார்கள். ஃபாதரும் வந்து நின்றார்.

டப்பாவைக் கவிழ்த்துத் தட்டி, செடியை என் கையில் கொடுத்துவிட்டு அக்கா மண்வெட்டிக்குத் திரும்பினாள். வேர்மண் கொஞ்சம் உதிர்ந்தது. வெள்ளை வேர்களுக்கு நடுவே, அடி நுனியில், நீல நைலான் நூல்.

செடியைக் குழிக்குள் இறக்கினேன். இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளி அழுத்தினேன்.

"புது ரோஜாங்களா? பழசு வெயில்ல போயிருச்சுல்ல" என்றார் ஒரு அம்மா.

"வெயில்ல இல்லீங்க. நாந்தான் பச்சைக் காபித் தோலப் போட்டுக் கொன்னேன்" என்றாள் அக்கா, நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி. அப்புறம் ஒருவர், "எங்க ஊட்டுப் பேரி மரத்துக்கும் அதேதாங்க ஆச்சு" என்றார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

"இது எங்க வாங்குனீங்க?" என்று ஃபாதர் கேட்டார்.

"வாங்கல ஃபாதர். திருடுனது" என்றாள் அக்கா பெருமையாக. "அதனாலதான் புடிச்சிருக்குது."

ஃபாதர் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார், நீயாவது சொல்லு என்பதுபோல். நான் தண்ணீர் எடுத்துவரப் போனேன்.