கொதிக்காத வண்டிக்குத் தண்ணீர்

என் சாட்சி ஒரு ரேடியேட்டரைப் பற்றியது. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், கர்த்தர் கோபிக்க மாட்டார். போன மாதம் நம் பெண்கள் ஐக்கியத்தில் ஒவ்வொருவராக எழுந்து புற்றுநோய், விபத்து, வேலை போனது என்று சொன்னபோது நான் வாயைத் திறக்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் இதை உள்ளேயே வைத்திருந்தேன். இதில் என் ஜெபமும் இருக்கிறது, நான் சொன்ன பொய்யும் இருக்கிறது. இரண்டையும் பிரித்தெடுக்க எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அது 1989. ஆவடி சேக்காட்டில் எங்கள் வீடு. அம்மா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அப்பா ஒரு தொழிற்சாலையில் எஞ்சின் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, செருப்பை மாட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். இடது கையும் இடது காலும் போயிற்று. நாக்கும் குழறியது. எனக்கு இருபத்துமூன்று வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். வீட்டில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

அண்ணன் டேவிட் மூன்று வருடத்துக்கு முன்பே போய்விட்டிருந்தான். பாரிவாக்கத்தில் விவசாயக் குடும்பத்துப் பெண் செல்வியை விரும்பினான். சொன்னால் அப்பா சம்மதிக்க மாட்டார் என்று ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணத்தை முடித்துக்கொண்டு, மாலையும் கழுத்துமாக இருவரும் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். அப்பா அப்போது சபைக் கமிட்டியில் இருந்தவர். ஊர் முழுக்கப் பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னவர். அந்த அவமானம் அவருக்குத் தாங்கவில்லை. இனி இந்த வாசலை மிதிக்காதே என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். ஆஸ்பத்திரிக்கு அண்ணன் ஓடி வந்தபோதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பாதி உடம்பு அசையாத மனிதர், முகத்தை மட்டும் எப்படித் திருப்பினாரோ! அவருக்கு மனம் கலங்கினால் இன்னொரு தடவை வந்துவிடும் என்று டாக்டர் எச்சரித்தார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஆண்டவரே, அப்பா போவதற்குள் இவர்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேச வேண்டும், அதற்கு மேல் ஒன்றும் கேட்க மாட்டேன் என்று ஜெபித்தேன். கேட்க மாட்டேன் என்று சொன்னேனே தவிர, ஒரே மாதத்தில் இரண்டாவது ஜெபமும் ஆரம்பித்துவிட்டது. அது காருக்காக.

அப்பா வாங்கிய கார் அது. எங்களுக்கு முன்பே மூன்று பேர் ஓட்டித் தீர்த்த வண்டி. சபை வாலிபர்கள் அதற்குப் பெரியம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். கெஞ்சினால்தான் எழுந்திருப்பாள், கொஞ்ச தூரம் போனால் மூச்சு வாங்கும் என்று கிண்டல். இடது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கும். ஒருநாள் ஒரு சவ ஊர்வலத்துக்குப் பின்னால் திரும்பி, நான் பட்ட அவமானம் எனக்குத்தான் தெரியும். பின்பக்க இடது கதவின் வெளிக் கைப்பிடி உடைந்துபோனது. உள்ளேயிருந்து யாராவது தூக்கிவிட்டால்தான் திறக்கும். அண்ணன் ஓட்டுவான் என்று வாங்கிய வண்டி. அவன் போனதும் அப்பா ஓட்டினார். அப்பா விழுந்ததும் சாவி என் கைக்கு வந்தது. டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொண்டதெல்லாம் நல்ல வண்டிக்குத்தான் உதவும் என்று முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது.

பூந்தமல்லியில் ஒருவர் கைகால் பயிற்சி கொடுப்பதில் கெட்டிக்காரர் என்றார்கள். அப்பாவைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது. செவ்வாய்க்கிழமை தோறும் அரைநாள் லீவு போட்டு, காலையில் காரில் கூட்டிப்போவேன்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. வண்டி எடுக்கும் முன் ஜெபம். வழியில் நின்று, திரும்ப எடுத்தாலும் ஜெபம். அப்பா சுருக்கமாக ஜெபிக்கிற ஆளும் இல்லை. முதல் செவ்வாய்க்கிழமை பருத்திப்பட்டு ஏரிக்கரை ஏற்றத்தில் வண்டி அணைந்தது. ஹேண்ட் பிரேக் பெயருக்குத்தான். நான் காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தேன். அப்பா கண்ணை மூடினார். ஜெபத்தில் செருப்போடு இருந்து எனக்குப் பழக்கமில்லை. காலைத் தூக்கி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, பக்தியாகக் கண்ணை மூடினேன். அப்பா உலக சமாதானத்துக்காக மன்றாடிக்கொண்டிருக்கும்போதே பெரியம்மா பின்னால் உருள ஆரம்பித்தாள். கண்ணைத் திறந்தபோது ஒரு வைக்கோல் போருக்குள் பாதி புதைந்திருந்தோம். மாடு ஓட்டிக்கொண்டு வந்தவர் எட்டிப் பார்த்து, “இன்னாம்மா, கண்ண மூடிகினா வண்டி ஓட்ற?” என்றார். அன்றிலிருந்து அப்பா ஒரு சட்டம் போட்டார். டிரைவர் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு, செருப்போடு ஜெபிக்கலாம்.

அடுத்த வாரம் பாரிவாக்கம் வந்ததும் வண்டி கொதித்தது. பானட்டுக்கு அடியிலிருந்து புகைபோல ஆவி வந்தது. ஓரமாக நிறுத்திப் பானட்டைத் தூக்கிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடிப் போனேன். கொஞ்சம் தள்ளி ஒரு பம்ப்செட் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். என் அண்ணன். அவன் அந்த ஊரில் மாமனார் வீட்டோடு இருக்கிறான் என்று தெரியும், எந்த இடம் என்று தெரியாது. கம்பெனியில் மதிய ஷிப்ட் என்பதால் காலையில் வயலில் இருந்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “அப்பா எப்டி கீறாரு?”

ரோட்டில் காரில் இருக்கிறார் என்றேன். குடத்தை வாங்கி நிரப்பித் தானே தூக்கிக்கொண்டு வந்தான். தூக்கிய பானட் முன்கண்ணாடியை மறைத்துவிடும். அதன் பின்னால் நின்றால் உள்ளே இருக்கிறவருக்குத் தெரியாது. சூடு தணியும்வரை காத்திருந்து, மூடியைத் துணியால் பிடித்துத் திறந்து, ஒரு வார்த்தை பேசாமல் ஊற்றினான். பேசினால் என்ன என்று சைகையால் கேட்டேன். குனிந்து என் காதில், “என் குரல கேட்டு அவருக்கு மறுபடி எதுனா ஆச்சுனா? வேணாம் எஸ்தரு” என்றான். நான் பானட்டை மூடுவதற்குள் புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

அதன் பிறகு எல்லாச் செவ்வாயும் அப்படித்தான். பாரிவாக்கத்தில் கொதிக்கும். அண்ணன் குடத்தோடு மரத்தடியில் தயாராக இருப்பான். சில நாள் செல்வியும் கிணற்றடியில் நின்று பார்ப்பாள், கிட்டே வர மாட்டாள். தண்ணீர் எங்கே கிடைக்கிறது என்று அப்பா ஒருமுறை கேட்டார். பக்கத்துத் தோட்டத்தில் ஒருத்தர் கொடுக்கிறார் என்றேன். அவ்வளவுதான், அடுத்த ஜெபத்தில் தண்ணீர் தருகிற அந்தக் கரங்களை ஆசீர்வதியும் தேவனே என்று சேர்த்துக்கொண்டார். மரத்தின் பின்னால் நின்று அண்ணன் கண்ணைத் துடைத்ததைக் கண் திறந்து ஜெபித்த நான் ஒருத்திதான் பார்த்தேன்.

ஆனாலும் அந்த வண்டியோடு என்னால் முடியவில்லை. மழையில் நின்றது, ரயில்வே கேட்டில் நின்றது, ஆபீஸ் மேனேஜருக்கு முன்னால் நின்றது. இந்தக் கொதிப்பையாவது தீர்த்துக்கொடும் ஆண்டவரே என்று தினமும் மன்றாடினேன். ஜனவரி மாதம் ஆவடி மெக்கானிக் காதர் பாய் ரேடியேட்டரைக் கழற்றிக் கவிழ்த்தார். “இன்னாம்மா இது, பாதி ஏரி உள்ள கீது” என்று சிரித்தார். சேறெல்லாம் சுத்தம் செய்து, அடைப்பெடுத்து மாட்டிக் கொடுத்தார். அடுத்த செவ்வாய் பாரிவாக்கம் வந்தது. சூடு காட்டும் முள் அசையவில்லை. பெரியம்மா சின்னப் பெண்போல ஓடினாள்.

என் ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது. தூரத்தில் புளியமரம் தெரிந்தது, அண்ணன் குடத்தோடு நின்றிருந்தான். வண்டி கொதிக்காவிட்டால் இனி நிறுத்த என்ன காரணம் இருக்கிறது? ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஓரங்கட்டினேன். “கொதிச்சிடுச்சுப்பா” என்றேன். சபையில் ஞாயிறு பள்ளி நடத்துகிறவள் நான். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்!

பானட்டைத் தூக்கினதும் அண்ணன் கை வைத்துப் பார்த்தான். “சூடே இல்லியே” என்று கிசுகிசுத்தான். பேசாமல் ஊற்று என்று கண்ணைக் காட்டினேன். ஊற்றினான். ரேடியேட்டர்தான் நிறைந்திருக்கிறதே, ஊற்றிய தண்ணீரெல்லாம் அப்படியே வழிந்து, சக்கரத்தைத் தாண்டி, அப்பா பக்கத்துக் கதவோரமாக ரோட்டில் ஓடியது. அப்பா ஜன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படி எட்டு வாரம். ஒவ்வொரு செவ்வாய் இரவும் படுக்கையில் கிடந்து மன்னிப்புக் கேட்பேன். அடுத்த செவ்வாய் அதே இடத்தில் நிறுத்துவேன். உம்மிடம் கேட்டதைக் கொடுத்துவிட்டீர், நான் கேட்டதே தப்பு, முதலில் கேட்டதைக் கொடும் என்று ஆண்டவரிடம் சண்டையே போட்டேன்.

ஒன்பதாவது செவ்வாய். மார்ச் மாதம், ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்கள். வழக்கம்போல நிறுத்தினேன், அண்ணன் ஊற்றினான், தண்ணீர் வழிந்தோடியது, நான் பானட்டை மூடி உள்ளே வந்து உட்கார்ந்தேன். அவன் மரத்தடிக்குப் போகத் திரும்பினான். அப்பா கண்ணை மூடினார்.

அப்பாவின் ஜெபத் தமிழ் எப்போதும் வேறு. தேவரீர், கிருபை கூர்ந்தருளும் என்றுதான் வரும். அன்றைக்கு அது வரவில்லை. வீட்டில் பேசுகிற மாதிரி, குழறிக் குழறிப் பேசினார்.

“ஆண்டவரே, எட்டு வாரமா கொதிக்காத வண்டிக்கு என் புள்ள தண்ணி ஊத்துறான். எனக்குத் தெரியும். உமக்கும் தெரியும். நான் சாத்தின கதவு. தெறக்க எனக்கு வாய் வரல. நீரே அவன உள்ள கூப்புடும்.”

அண்ணன் போன கால் அப்படியே நின்றது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டு நடந்து வந்தான். அப்பாவின் ஜன்னல் பக்கத்தில் நின்றான். அப்பா கண்ணைத் திறக்கவில்லை. இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே என்று முடித்துவிட்டு நிறுத்தினார். “ஆமென்” என்றது அண்ணன் குரல்.

அப்பா நடுங்கிப்போனார். அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நான் பயந்தேன். கண்ணை மூடியபடியே மூச்சை இழுத்து விட்டார். பிறகு பின்கதவைத் திறக்கத் திரும்பினார். வெளிக் கைப்பிடி இல்லாத அந்தக் கதவு. முதலில் இடது கையைத் தூக்கினார், அது தோள்வரைகூட வரவில்லை. உடம்பையே திருப்பி, சீட்டுக்கு மேலாக வலது கையை நீட்டித் தடவினார். நான் கை நீட்டியிருந்தால் எட்டியிருக்கும். நீட்டவில்லை. அது அவர் திறக்க வேண்டிய கதவு. எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது, அண்ணன் வெளியே காத்துக்கொண்டு நின்றான். கடைசியில் கொக்கி தூக்கிக்கொண்டது.

அண்ணன் உள்ளே வந்து உட்கார்ந்து அப்பாவின் தோளில் முகத்தை வைத்து அழுதான். மூன்றரை வருடத்துக்குப் பிறகு அப்பா அவனிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

“அந்தப் பொண்ணு எங்க?”

“கிணத்தாண்ட நிக்குதுப்பா.”

“கூப்டு. எடம் கீது.”

அன்றைக்கு நான்கு பேராகப் பூந்தமல்லிக்குப் போனோம். இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் ஹாரன் அடித்தது, யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

சில நாள் கழித்து அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். பொய் சொன்னேன்பா என்றேன். எஞ்சின் பிரிவில் முப்பது வருடம் இருந்தவனுக்கு ஆவி வருகிறதா இல்லையா என்று தெரியாதா, பாரிவாக்கத்தில் வாரம் தவறாமல் எனக்குத் தண்ணீர் ஊற்ற வேறு யார் இருக்கிறார்கள் என்று சிரித்தார். அப்படியானால் முதல் வாரமே ஏன் கேட்கவில்லை என்றேன். அதற்கு அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

“கேட்டிருந்தா, அடுத்த வாரம் அங்க நிறுத்தியிருப்பியா?”

அப்பா அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார். இடது கை கடைசிவரை முழுதாக வரவில்லை. அதற்காகவும்தான் ஜெபித்தோம், கிடைக்கவில்லை, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் நான் மாடிப்படியில் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. கிடைத்தது ஆறு வருடப் பேச்சு. செல்வி அண்ணிதான் அவருக்குக் கடைசிவரை சாப்பாடு ஊட்டினார்கள். பெரியம்மாவை அண்ணன்தான் ஓட்டினான். 1994-ல் அவளை எடைக்குப் போட்ட அன்று, அந்தப் பின்கதவைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன். எத்தனையோ புது வண்டிகளில் ஏறிவிட்டேன், அந்தப் பெட்ரோல் வாசனையும் ஈரச் சாக்கு வாசனையும் எதிலும் இல்லை.

என் பொய்யைக் கர்த்தர் மெச்சினார் என்று நான் சொல்ல மாட்டேன். அதை மன்னித்தார். அந்த எட்டு வாரத்தையும் வீணாக்காமல் வைத்துக்கொண்டார். அதற்கு முன் நான் ஜெபித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கிறவள். இப்போது திறந்துகொண்டு காத்திருக்கிறேன். சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் யாராவது வெளியே நின்றுகொண்டிருக்கலாம். கூப்பிட உங்களுக்கும் வாய் வராமல் இருக்கலாம். ஆண்டவரிடம் வீட்டுத் தமிழிலேயே சொல்லுங்கள், அவருக்குப் புரியும். கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள். வெளியே நிற்கிறவருக்கும் அது கேட்கட்டும்.