அவள் வரைந்த ஊரும் நான் அழித்த டிரைவரும்

என் மனைவி என்னோடு பேசாமல் போனதற்குக் காரணம் ஒரு கணினி விளையாட்டு. எழுபதைத் தாண்டிய இரண்டு பேர், மலேசியாவில், பொந்தியானில் ஒரு வரிசை வீட்டுக்குள், விளையாட்டுக்காகச் சண்டை போட்டுக்கொண்டார்கள் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தவறு முழுக்க என்னுடையது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு நான் பிடித்த பிடிவாதத்துக்காக யாரிடமும் வருத்தம் தெரிவிப்பதாக இல்லை.

அது ஊர் கட்டும் விளையாட்டு. திரையில் வெற்று நிலம் வரும். அதில் சாலை போட வேண்டும், தண்ணீர்க் குழாய் பதிக்க வேண்டும், மின்சாரம் இழுக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் மக்கள் குடிவருவார்கள். செய்யாவிட்டால் கிளம்பிப் போய்விடுவார்கள். மகன் பள்ளிக்கூடம் போன காலத்தில் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய களவு சிடி. அரசு ஊழியன் வீட்டில் அப்படி ஒன்று இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மகனுக்குச் சீக்கிரமே சலித்துவிட்டது. அவள் எடுத்துக்கொண்டாள்.

அன்று முதல் அவள் கட்டுவது ஒரே ஊர்தான். கணினி மாறும்போதெல்லாம் மகன் அந்த ஊரைப் பத்திரமாகப் புதிய இயந்திரத்தில் ஏற்றிக் கொடுப்பான். கடைசியாக மாற்றியதே பல வருடங்களுக்கு முன்பு. மதியச் சமையல் முடிந்ததும் கண்ணாடியை மாற்றிக்கொண்டு உட்காருவாள். ஆற்றங்கரையை ஒட்டி ஒரு வீடும் வர விடமாட்டாள். "வெள்ளம் வந்தா யாரு பதில் சொல்றது?" என்பாள். அந்த விளையாட்டில் வெள்ளமே கிடையாது. சாலை ஓரத்தில் கால்வாய்க்கென்று ஒரு கட்டம் விட்டுத்தான் மனை பிரிப்பாள். அந்த விளையாட்டில் கால்வாயும் கிடையாது. அவளுடைய ஊரில் எல்லாச் சாலைகளுக்கும் பக்கத்தில் ஒரு பச்சைக் கோடு, யாரும் தோண்டப்போகாத கால்வாய்க்காகக் காலியாகக் கிடக்கும்.

நான் அந்தப் பக்கம் போகும்போது, "என்ன மேயரம்மா, இன்னைக்கு யாருக்கு லைசென்ஸு?" என்று கேட்பேன். அவள் திரும்ப மாட்டாள். எனக்கு அது நகைச்சுவையாகத் தோன்றியது.

நான் சுற்றறிக்கைகளுக்குக் கீழ்ப்படிந்தே பணிக்காலத்தைக் கழித்தவன். என் அப்பாவும் அப்படி. யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த தாத்தாவும் அப்படி. மேலிடத்திலிருந்து தாள் வந்தால் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். அவள் கோவிலுக்குப் போயிருந்த ஒரு காலையில் திரையின் மூலையில் அறிவிப்பு வந்தது. கணினிக்கும் திரைக்கும் நடுவில் இருந்துகொண்டு படத்தை வரையவைக்கும் மென்பொருள் ஒன்று உண்டு. டிரைவர் என்பார்கள். அதற்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது, போட்டுக்கொள்ளும்படி பரிந்துரைக்கிறோம் என்றது அறிவிப்பு. பரிந்துரை என்ற ஒரு சொல் எனக்குப் போதும். சரி என்று அழுத்தினேன். அதோடு விட்டேனா? இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறதே என்று பழைய கோப்புகளைத் துடைக்கும் பொத்தானையும் அழுத்தினேன். வீட்டுக்குப் போகும் முன் மேசையைக் காலி செய்துவிட்டுப் போகும் எழுத்தரின் புத்தி.

அன்று மதியம் விளையாட்டு திறந்தது. பாட்டு வந்தது. அடியில் பொத்தான்கள் வந்தன. நிலம் வரவில்லை. திரை முழுக்க இருட்டு.

"என்னங்க, ஊரக் காணோம்."

"இரு, வரும்."

"எங்க வருது? காரு ஓடற சத்தம் கேக்குது, காரு தெரியல. நீங்க எதையாச்சும் தொட்டீங்களா?"

"அப்டேட் வந்துச்சு. போட்டேன்."

"என்னைக் கேட்டீங்களா?"

"ரெக்கமெண்டட்னு போட்டிருந்தான்."

"அவன் போட்டது இருக்கட்டும். என்னைக் கேட்டீங்களா?"

அவள் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்தாள். "எப்பவும் இப்படித்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அதன் பிறகு சாப்பாடு ஆயிற்று, மாத்திரை போடுங்க என்பதைத் தவிர வீட்டில் பேச்சு இல்லை. மதியங்களில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள். மதியத்தில் படுக்கிறவளே அல்ல அவள்.

எப்பவும் என்று அவள் சொன்னது எதை என்று எனக்குத் தெரியும். அதையும் சொல்லிவிடுகிறேன்.

திருமணத்துக்கு முன்பிருந்தே அவள் ஜொகூர் பாருவில், ஊரமைப்பு அலுவலகத்தில் வரைபடம் வரைபவளாக இருந்தாள். சாஆ என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். அவள் குடும்பத்தில் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள். எங்கள் வீட்டில் எதிர்த்தார்கள். மீறி அவளைக் கட்டிக்கொண்டதே என் வாழ்நாள் புரட்சி என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டிய கொஞ்ச காலத்தில் எனக்குப் பொந்தியானுக்கு மாற்றல் வந்தது. அன்றைக்கு எங்களிடம் கார் கிடையாது, தினம் போய்வர முடியாது. என் மேலதிகாரி நல்ல மலாய்க்காரர். கூப்பிட்டு, உன் மனைவிக்கு இங்கே வேலை இருக்கிறதே, ஆட்சேபணை இருந்தால் சொல், பேசிப் பார்க்கிறேன் என்றார். "ஒன்றும் இல்லை, துவான்" என்றேன். அவளிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, உத்தரவு வந்துவிட்டது என்றேன். அவள் வேலையை விட்டாள். அதை நான் கடமை என்று சொல்லிக்கொண்டேன். அது கடமை அல்ல, கோழைத்தனம். மறுப்பதற்கு வாய் வரவில்லை. பிற்பாடு அவள் ஒரு சிடியில் ஊர் வரைந்தபோது அதையும் கிண்டல் செய்தேன்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனுக்குப் போன் போட்டேன்.

"சிம்பிள்ப்பா. டிரைவர ரோல்பேக் பண்ணுங்க. பழசு திரும்ப வந்துரும்."

"அந்தப் பட்டன் மங்கலா இருக்கு. அழுத்த வரல."

"ஏன்? பழைய ஃபைல் இருக்கணுமே."

"அழிச்சிட்டேன். சுத்தம் பண்ணேன்."

"அலாமா... ஏன்ப்பா?" பிறகு சமாதானக் குரலில், "விடுங்க. ஞாயித்துக்கெழம புது லேப்டாப் கொண்டாறேன். அதே கேமோட லேட்டஸ்ட் போட்டுத் தர்றேன். அம்மாவுக்குப் பிடிக்கும்" என்றான்.

அம்மாவுக்குப் பிடிக்கும் என்று எல்லோரும் சுலபமாகச் சொல்கிறோம்.

இயந்திரத்தைக் காரில் ஏற்றி டவுனில் ஒரு கணினிக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரத் தம்பி மூடியைக்கூடத் திறக்கவில்லை. "அங்கிள், புது டிரைவர் போடறவன் இந்தக் காலத்து கேமுக்குத்தான் டெஸ்ட் பண்ணுவான். இதெல்லாம் மியூசியத்துக்குக் குடுங்க லா" என்றான். யாருக்கு இந்த விளையாட்டு என்று கேட்டான். என் மனைவிக்கு என்றதும் சிரித்தான். அந்தச் சிரிப்பு என்னுடையது. பல வருடங்கள் நான் சிரித்த அதே சிரிப்பு. எனக்குக் கோபம் வந்தது, அவன் மேல் பாதி, என் மேல் பாதி. மியூசியம் வேண்டாம், எங்கள் வீடே போதும் என்று சொல்லிவிட்டு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நானே செய்வதென்று தீர்மானித்தேன். இங்கிலீஷ் படிக்கத் தெரியும், பொறுமை உண்டு, வேறு வேலையும் கிடையாது. முதலில் விளையாட்டைப் பழைய விண்டோஸ் போல ஓடச் சொல்லும் வசதியைப் போட்டுப் பார்த்தேன். இருட்டு. திரையின் அளவைக் குறைத்தேன். முகப்புப் படம் மட்டும் தெளிந்தது, நிலம் இருட்டு. நிழல், பிரதிபலிப்பு எல்லாவற்றையும் நிறுத்தினேன். இருட்டுதான். கடைசியில் டிரைவர் தயாரிப்பாளரின் வலைத்தளத்தில் தேடி, இந்த இயந்திரம் வாங்கிய காலத்துப் பழைய பதிப்பைக் கண்டுபிடித்தேன். இறக்கி ஓடவிட்டால், இதைவிடப் புதியது ஏற்கெனவே இருக்கிறது, போட மாட்டேன் என்றது.

புதியதை அகற்றினேன். இயந்திரத்தை அணைத்து எழுப்பினேன். தேநீர் போட்டுக்கொண்டு வருவதற்குள் இணையத்தின் வழியாக அந்தப் புதியது தானாகவே வந்து உட்கார்ந்திருந்தது. மறுபடி அகற்றினேன். மறுபடி வந்தது.

அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது! என் வீட்டில், என் மேசைமேல், வேண்டாம் என்று நான் எடுத்து எறிந்ததை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எவன் கொண்டுவந்து வைக்கிறான்? சத்தமாகவே கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான், என்னைக் கேட்டீங்களா என்ற அவள் கேள்வியும் இதுவேதான் என்பது உறைத்தது. பொந்தியானுக்கு வந்த முதல் நாளிலிருந்து அவள் இந்த ஆத்திரத்தோடுதான் சமைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். கூடத்தில் புது மடிக்கணினியை விரித்து அம்மாவை உட்காரவைத்தான். நான் மூலை மேசையில் இருந்தேன். இணையக் கம்பியைப் பிடுங்கினேன். இயந்திரத்தை 'சேஃப் மோட்' என்ற பாதுகாப்பு முறையில் எழுப்பி, டிரைவரை வேரோடு பிடுங்கும் ஒரு சின்ன மென்பொருளை ஓடவிட்டேன். பிறகு பழையதைப் போட்டேன். இந்த முறை அது மறுக்கவில்லை. அந்தப் பக்கம் பேச்சு கேட்டுக்கொண்டிருந்தது.

"எப்படிம்மா? மரமெல்லாம் அசையுது பாருங்க."

"அழகா இருக்குய்யா. ஆனா நான் நேராப் போட்டா ரோட்டை அதுவே வளைச்சிடுது."

"அது ஹெல்ப் பண்ணுதும்மா."

"நான் கேக்கலையே."

"கொஞ்சம் இங்க வா" என்று கூப்பிட்டேன்.

"எதுக்கு?"

"நீயே திற. விளையாட்டை நான் திறக்கல."

வந்து நின்றாள். உட்காரவில்லை. மவுஸைப் பிடித்து இரண்டு தட்டு தட்டினாள். பாட்டு வந்தது. இருட்டு வந்தது. பிறகு நிலம் வந்தது. சாலைகள், கூரைகள், தண்ணீர்த் தொட்டிகள், சாலைக்குச் சாலை அந்தப் பச்சைக் கோடு. அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

மகன் பின்னால் வந்து நின்று பிடுங்கிய கம்பியைப் பார்த்தான்.

"நெட் இல்லாமலா வச்சிருக்கப் போறீங்க? செக்யூரிட்டி அப்டேட் எதுவும் வராதுப்பா. டேஞ்சர்."

"இதுல பேங்க் இல்ல, மெயில் இல்ல. ஒரு ஊருதான் இருக்கு. அதுக்கு வெளிய இருந்து யாரும் உத்தரவு அனுப்ப வேணாம்."

"ப்பா, இந்த மெஷின் என்னைக்கு வேணாலும் செத்துப் போயிரும்."

"சாகட்டும். உத்தரவ மீறினேன்னு என் மேல கேஸ் போடறவன் போடட்டும். மாட்டேன்னா மாட்டேன்."

"சுவா சுடா, இந்த வயசுல ரௌடித்தனம்" என்று மகன் சிரித்தான். கிழவனாகிவிட்டாயே என்று மலாயில் சொல்கிறானாம். கிழவன்தான். ஆனால் அந்த 'மாட்டேன்' என் வாயிலிருந்து வந்தபோது நன்றாக இருந்தது. மடிக்கணினியை அவனையே எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

அவன் வெளியே போய்க் காரைத் திறந்துகொண்டிருந்தபோது, அவள் முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

"அன்னைக்கு ஆட்சேபணை இருக்குன்னு நான் சொல்லியிருக்கணும். உன்னைக் கேட்டிருக்கணும்."

எந்த நாளைச் சொல்கிறேன் என்று அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு சாலைத் துண்டை இடித்தாள். மறுபடி போட்டாள்.

"ஆமா, கேட்டிருக்கணும்" என்றாள். "இப்ப மன்னிப்பு கேக்கப் போறீங்களா?"

"கேக்கலாம்னுதான்."

"வேணாம். அது மன்னிக்கிற மாதிரி இல்ல."

நான் நின்றேன். இப்படிச் சொல்வாள் என்று எதிர்பார்க்கவில்லை. சொல்ல அவளுக்கு உரிமை இல்லை என்றும் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே திரையின் ஓரத்தில் விரலை வைத்தாள்.

"ஆத்துத் தண்ணி வெள்ளையாத் தெரியுது. முன்ன நீலமா இருக்கும்."

"நான் நிறுத்துன செட்டிங்ல ஏதோ ஒண்ணு. எதுன்னு பாக்கறேன், நகரு."

"நான் ஏன் நகரணும்?" என்றாள். "உக்காருங்க. ஒவ்வொண்ணாச் சொல்லுங்க, நான் அழுத்தறேன்."