ஓர் இரவுக்கு ஒரு புள்ளி

ஞாயிற்றுக்கிழமை காலை. அமீரகத்தில், முவைலாவில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே இருக்கும் பக்காலாவில், அதாவது மளிகைக் கடையில், கொத்தமல்லிக் கட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தோஹா நஜ்மாவிலிருந்து ஸ்டெல்லா கூப்பிட்டாள். அவள் நர்ஸ். எடுத்தவுடன், "வத்சலாக்கா, பக்கத்துல முரளியண்ணன் இருக்காவளா?" என்றாள். கெட்ட செய்தியைத் தனியாக நிற்பவரிடம் சொல்லக் கூடாது என்பது நர்ஸ்கள் பழக்கம். அது எனக்குத் தெரிந்திருந்ததுதான் வினை. "யாருடி?" என்று கடை என்று பார்க்காமல் கத்திவிட்டேன். "டைட்டஸண்ணன் போயிட்டாவ அக்கா" என்றாள். யான்புவில், கம்பெனி கேம்ப் ரூமில், தூக்கத்திலேயே.

டைட்டஸை அறிந்தவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். ரிஃபைனரியை நிறுத்திவைத்துப் பழுதுபார்க்கும் ஷட்டவுனில் அவரோடு வெயிலில் நின்றவர்கள் இருப்பீர்கள், அவருடைய மீன் குழம்பைச் சாப்பிட்டவர்கள் இருப்பீர்கள். எனக்கும் என் கணவர் முரளிக்கும் ஸ்டெல்லாவுக்கும் அவர் கதைக்காரர். முவைலாவில் எங்களுக்குக் கீழ்த்தளத்தில் அவர் குடியிருந்த காலத்தில், வேலை முடிந்து எக்ஸிட்டில் ஒரேயடியாக ஊருக்குப் போன ஒரு ஃபிலிப்பினோ ஃபோர்மேன் அவரிடம் ஒரு தடிப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் மாயக்கதை விளையாட்டு ஒன்றின் விதிகள் அதில் இருந்தன. ஒருவர் கதை சொல்லிக்கொண்டே போவார். மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ இருந்து, என்ன செய்கிறோம் என்று சொல்லிப் பகடை உருட்ட வேண்டும். "நாற்பது வயசுல இதெல்லாம் தேவையா?" என்று கேட்டவள் நான். அடுத்த வாரம் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தவளும் நான்தான்.

பிறகு அவர் யான்புவுக்குப் போனார், ஸ்டெல்லா தோஹாவுக்குப் போனாள். விளையாட்டு கம்ப்யூட்டருக்கு மாறியது. அமீரகத்தில் வார விடுமுறையை மாற்றிய பிறகு, மூன்று நாட்டுக்கும் பொதுவாகக் கிடைத்தது சனிக்கிழமை ஒன்றுதான். அந்தச் சமயத்தில் நான் துபாயில் அதே விளையாட்டின் புதிய பதிப்பை வாங்கி வந்தேன். சண்டை அங்கேதான் ஆரம்பித்தது.

அடிபட அடிபட உயிர்ப்புள்ளி குறையும்; பழைய பதிப்பில் அது தீர்ந்தால் ஆள் காலி. புதியதில் உயிர் ஊசலாடும்போது பகடை உருட்டிப் பார்க்கலாம், கூட இருப்பவர் பிடித்து நிறுத்தலாம். ஸ்டெல்லா கேட்டாள் என்பதற்காக டைட்டஸ் இதற்கு உடனே ஒத்துக்கொண்டார். இன்னொரு மாற்றத்துக்குத்தான் மசியவே இல்லை. பழைய பதிப்பில், அடிபட்டவன் ஓர் இரவு தூங்கினால் ஒரே ஒரு புள்ளிதான் திரும்பும். இருபது புள்ளி இழந்தவன் இருபது நாள் படுக்க வேண்டும். புதியதில் ஓர் இரவுத் தூக்கம் போதும், விடிந்தால் அத்தனையும் முழுசாக இருக்கும். "இது என்ன மக்கா, போனுக்குச் சார்ஜ் போடுற மாதிரி இருக்கு! மனுசன் ஒடம்பு அப்படியா இருக்கு?" என்று சிரித்தார். புத்தகம் எழுதியவர்களே மாற்றிவிட்டார்கள், உங்களுக்கு என்ன வீம்பு என்று நான் எகிறினேன். "அவனுவ ஷட்டவுன் வேல பாத்துருக்க மாட்டானுவ" என்றார்.

வீம்பு சாதாரண வீம்பு இல்லை. ஒருமுறை முரளியின் வீரன் குத்துப்பட்டு ஒரு சத்திரத்தில் மாதக்கணக்காகப் படுத்துக் கிடந்தான். அதற்குள் எதிரிகள் வந்து துறைமுகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வருஷக்கணக்கில் கட்டிக் காத்த துறைமுகம். முரளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மடிக்கணினியை மூடப் போனார். "நாம படுத்துக் கிடந்தா ஒலகம் காத்துக் கெடக்குமா முரளி? டூட்டி மாத்த ஆள் வேண்டாமா?" என்றார் டைட்டஸ். அவர் கதையைச் சொல்லவில்லை, தன்னைச் சொல்கிறார் என்று அப்போது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

போன ஷட்டவுனின்போது அவர் பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கியது. ஸ்டெல்லாவின் காதுக்கு அது முதலில் எட்டியது. எங்கே வலி, எப்போது வலி என்று குடைந்தாள். "கேஸ் மக்களே, கேம்ப் சாப்பாடு அப்படி" என்று தள்ளிவிட்டார். இடது கை மரத்துப்போவதும் கேஸ்தானா என்று அவள் விடாமல் கேட்டாள். அப்புறம் உண்மை வந்தது. "மெடிக்கல்ல அன்ஃபிட்டுன்னு போட்டா கலாஸ், அவ்வளவுதான். எக்ஸிட் அடிச்சு அனுப்பிருவானுவ. மோளுக்குப் படிப்பு முடியட்டும்." கம்பெனி டாக்டர் வேண்டாம், வெளியே ஒரு கிளினிக்கில் நெஞ்சைக் காட்டுங்கள் என்று கெஞ்சினாள். ஷட்டவுன் முடியட்டும் என்றார். ஒன்று முடிந்தால் அவருக்கு இன்னொன்று இருந்தது.

போனில் கெஞ்சினோம், திட்டினோம், ஊரிலிருக்கும் அவர் மனைவி மெர்சியிடம் சொல்லி அழ வைத்தோம். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். கதையில் நாங்கள் மூவரும் ஒரு மீனவர் குப்பத்தில் தங்கியிருந்தோம். சனிக்கிழமை டைட்டஸ், "விடிஞ்சாச்சு, என்ன செய்யப் போறிய?" என்றார். "தூங்குறோம்" என்றேன். "எதிரிக் கப்பல் தெரியுது." "தெரியட்டும். நீங்க கிளினிக் போற வரைக்கும் நாங்க எழுந்திருக்க மாட்டோம்." சிரித்தார். சிரித்துவிட்டு விடாப்பிடியாகக் கதையை நடத்தினார். அடுத்த சனிக்கிழமை குப்பம் எரிந்தது. ஒவ்வொரு குடிசையாக எரித்தார். வலைகள், படகுகள், கோயில் மணி. சொல்லச் சொல்ல அவர் குரல்தான் இறங்கிக்கொண்டே போனது. நாங்கள் மூவரும் படுத்தே கிடந்தோம். பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். எங்களிடம் வேறு என்ன இருந்தது, சொல்லுங்கள்.

அதற்கடுத்த சனிக்கிழமை எரிக்க எதுவும் மிச்சமில்லை. டைட்டஸ், "சரி, நான் உங்க புது புத்தகத்துக்கு மாறுதேன். இனி ஒரு ராத்திரி தூங்குனா எல்லாம் திரும்பிரும். எழும்புங்க மக்கா" என்றார். எத்தனை வருஷமாக நான் கேட்ட வரம் அது! ஒரு டாக்டரைப் பார்ப்பதற்குப் பதிலாக, உயிராகப் பிடித்துவைத்திருந்ததைத் தூக்கிக் கொடுக்கிறாரே மனுஷன்! ஸ்டெல்லா அழுதுகொண்டே, "எங்களுக்கு வேண்டாம் அண்ணே. நீங்க தூங்குங்க" என்றாள். அவர் லைனைத் துண்டித்துவிட்டார்.

வாரம் முழுக்கப் பேச்சில்லை. சனிக்கிழமை காலை எங்கள் போன் குழுவில் அவர் குரல்பதிவு வந்தது. "ஜெயிச்சிட்டிய. சிக் லீவு போட்டாச்சு. இப்பம் நல்லா ஒறங்கிட்டு, சாயங்காலம் ஸ்டெல்லா சொன்ன கிளினிக்குக்குப் போறேன். போனை ஆஃப் பண்ணுதேன், எழுப்பாதிய." இத்தனை வருஷ கல்ஃப் வாழ்க்கையில் அவர் போட்ட முதல் சிக் லீவு. அறைக்கூட்டாளி டபுள் டூட்டி முடித்து ஞாயிறு விடிந்த பிறகுதான் ரூமுக்கு வந்திருக்கிறார். சனிக்கிழமை மதியமே எல்லாம் முடிந்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

பழைய புத்தகம்தான் சரி, டைட்டஸ். ஓர் இரவுக்கு ஒரு புள்ளிதான். உங்களுக்கு அந்த ஒன்றைக்கூடக் கொடுக்கவில்லையே.

உடல் இன்னும் யான்புவில்தான் இருக்கிறது, ஊருக்கு அனுப்புவதற்கான பேப்பர் ஓடிக்கொண்டிருக்கிறது. மெர்சி தினமும் கூப்பிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாள்: "நல்லா ஒறங்குனாவளா அக்கா?" ஆமாம் என்கிறேன். எனக்கு என்ன தெரியும்?

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தச் சனிக்கிழமைதான். முரளி பிரியாணி வாங்கி வந்தார். ஸ்டெல்லா வீடியோவில் வந்து ஆடிக் காட்டினாள். சாயங்காலம் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனோம். ராத்திரி, கிளினிக்கில் என்ன சொன்னார்கள் என்று ஒருமுறை போன் போட்டுப் பார்க்கலாமா என்று முரளி கேட்டதற்கு, பாவம், தூங்கட்டும் விடுங்க என்றேன். டைட்டஸ் போன பிறகும் மறுநாள் காலைவரை நாங்கள் அவருக்காகச் சந்தோஷமாக இருந்தோம். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.