ஒண்டு தசம் மூண்டு

தொண்ணூறுகளின்ர நடுப்பகுதி. லண்டனில, லூயிஷாமில ஒரு கடைக்கு மேல குடியிருந்தனாங்கள். என்ர மனுசனுக்குப் பெற்றோல் ஸ்டேசனில வேலை, எனக்கு சுப்பர்மார்க்கெட்டில காசு வாங்கிற டில்லில. பின்னேரங்களில நான் கொலிஜில கம்பியூட்டர் படிச்சன். கோர்ஸ் முடியிற நேரம், அங்கத்தைய கம்பியூட்டர் அறையைப் பார்க்க ஒராள் தேவை எண்டு லெக்சரர் சொன்னார். இரண்டு மெசினைச் சேர்த்து, ஒண்டில இருக்கிற பைலை மற்றதில திறந்து ஒழுங்காய்க் காட்டுற ஆளுக்குத்தான் வேலை. எனக்கு அந்த வேலை வேணும். டில்லில இருந்து இருந்து, அந்த 'பீப்' சத்தம் சோறு தின்னேக்கையும் காதுக்குள்ள கேட்கத் தொடங்கியிட்டுது.

கொலிஜ் தந்த இரண்டு பழைய மெசினும் எங்கட குசினியில, சாப்பிடுற மேசையில. அதுகளை நடத்திற புரோகிராம், சும்மா குடுக்கிறது, ஒரு சஞ்சிகையோட வந்த சீடியில இருந்தது. திறந்து பார்த்தால் அதே புரோகிராம் இரண்டு பதிப்பாய்க் கிடக்குது: 1.2, அதாவது ஒண்டு தசம் இரண்டு; மற்றது ஒண்டு தசம் மூண்டு. எது நல்லது எண்டு எழுதியிருந்ததோ என்னவோ, என்ர கண்ணில படேல்லை. இவர் தேத்தண்ணியோட வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, இதில எதைப் போடுறது?"

"இதென்ன கேள்வி? ஒற்றையைப் போடும். நல்ல காரியத்துக்கு ஆராவது இரட்டையில தட்டம் கொண்டு போறவையே?"

"மூண்டு பேராய்ப் போனால் காரியம் கெட்டுப்போகும் எண்டும் சொல்லுறவையெல்லோ?"

"அது ஆக்களுக்கு. இது தட்டம் மாதிரி."

விடுவாரே மனுசன்! எனக்குச் சிரிப்பு. ஆனால் உள்ளுக்குள்ள எனக்கும் அதே நினைப்புத்தான். கலியாண வீட்டில பலகாரத் தட்டம் எண்ணி, எட்டு வந்தால் ஓடிப்போய் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைச்சு ஒன்பதாக்கின கை இது. மற்றது, பிறகு வந்தது திருத்தி வந்ததாய்த்தானே இருக்கும்? மூண்டைப் போட்டன். வீட்டில சோக்காய் ஓடினது.

கொலிஜில லெக்சரருக்கு முன்னால பைலைத் திறந்தன். பாதி வந்தது. பிறகு திரை முழுக்க எண்களைக் கொட்டிப்போட்டு மெசின் அப்பிடியே நிண்டிட்டுது. என்னோட படிச்ச நைஜீரியாக்காரர் இரண்டைப் போட்டிருந்தவர். அவரின்ர மெசின் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடி முடிஞ்சுது.

ஏன் மூண்டை எடுத்தனீர் எண்டு லெக்சரர் கேட்டார். வயசான வெள்ளைக்காரர். எனக்குப் பொய் சொல்ல வரேல்லை. தட்டத்தையும் ஒற்றையையும் சொன்னன். மனுசன் சிரிக்கேல்லை. இந்தப் புரோகிராமை எழுதினவை உங்களுக்கு நேர்மாறு எண்டார். அவைக்குத் தசத்துக்குப் பிறகு இரட்டை எண்டால் உறுதியானது, நம்பி வேலைக்குப் பாவிக்கலாம். ஒற்றை எண்டால் இன்னும் செய்துகொண்டிருக்கிறது, எப்ப விழும் எண்டு தெரியாதாம். வெக்கத்தில முகம் சுட்டுது. இந்தக் கோதாரியை ஆராவது முதலே சொல்லியிருக்கலாமே எண்டு ஆத்திரம் வேற.

ஆனால் என்ர வாய் சும்மா இருந்தால்தானே. அப்ப இதில எந்த இடம் இன்னும் முடியேல்லை எண்டு கேட்டன். தனக்கும் தெரியாது எண்டார். இந்த எண்களை வைச்சு விழுந்த இடத்தைப் பிடிக்க ஏலுமோ எண்டன். புரோகிராமில எழுதின வரியெல்லாம் அந்தச் சீடியிலயே இருக்கு, தேடிப் பார்க்கலாம் எண்டார். ஆசைப்பட்ட வேலை கையை விட்டுப் போகுது, நான் குனிஞ்சு எண்களைப் பேப்பரில எழுதிக்கொண்டிருக்கிறன்!

வேலை நைஜீரியாக்காரருக்குத்தான் கிடைச்சுது. நியாயம்தானே. இவர், தான் சொன்னதாலதான் போச்சு எண்டு சாப்பிடாமல் இருந்தார். "சும்மா இருங்கோப்பா, நீங்கள் சொல்லாட்டிலும் அதைத்தான் போட்டிருப்பன்" எண்டு பேசி, சோத்தைப் போட்டுக் குடுத்தன். அடுத்த நாள் திரும்பவும் டில்லுக்குப் போனன்.

கொஞ்ச நாள் கழிச்சு லெக்சரர் எனக்குப் போன் எடுத்தார். விழுந்த இடத்தைப் பிடிச்சீரோ எண்டு கேட்டார். இரவிரவாய்த் தேடியும் பாதிதான் எண்டன். தன்னட்டை வேலை ஒண்டும் இல்லை, ஆனால் வெள்ளிக்கிழமைகளில அறையைத் திறந்து விடலாம், மிச்சத்தையும் பார்க்க ஆசையோ எண்டார்.

இந்த நாட்டுக்கு வந்த நாள் தொடக்கம் என்ன பேப்பர் இருக்கு, என்ன தெரியும் எண்டுதான் எல்லாரும் என்னட்டைக் கேட்டவை. என்ன பார்க்க ஆசை எண்டு ஒருத்தரும் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்திட்டுது. "ஓம்" எண்டன். அங்கால "ஹலோ? ஹலோ?" எண்டு கேட்டுது. தமிழில சொல்லிப்போட்டன் எண்டு பிறகுதான் விளங்கி, "யெஸ், யெஸ்" எண்டு கத்தினன்.