சூசையண்ணனும் பாயிலர் கண்ணாடியும்

சூசையண்ணன் காய்ச்சலில் இறந்துவிட்டார் என்ற செய்தியை, பொந்தியானிலிருந்து அன்னாசி ஏற்றிவந்த லாரிக்காரர்தான் சொன்னார். வேலையை விட்டபின் அண்ணன் அங்கே மகள் வீட்டில் இருந்தார். சொல்லிவிட்டும் லாரிக்காரர் வண்டியைக் கிளப்பவில்லை. அவருக்கும் அண்ணனைத் தெரியும்.

நம் அன்னாசி ஆலையில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பழத்தை டின்னில் அடைத்து வேகவைக்க நீராவி தரும் பாயிலரை, அவரும் நானும் முறை மாற்றிப் பார்த்துவந்தோம். கோயில் பாட்டை உரக்கப் பாடுவார், தாளம் தப்பும்.

ஒரு நாள் நான் முறைக்கு வந்தபோது, “தண்ணி நெறய இருக்கு, தம்பி” என்று கண்ணாடிக் குழாயைக் காட்டினார். நீர்மட்டம் காட்டும் அந்தக் குழாய் முழுதும் நிரம்பினாலும், முழுதும் காலியானாலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பம்பு ஓடிக்கொண்டிருந்ததால் இருவருமே நம்பினோம். பம்பை நிறுத்தப் போனவர், காய்ந்த இரும்பு வாடை வரவே நின்றார். நீர்மட்டத்தைச் சரிபார்க்கப் பக்கத்தில் இருந்த சிறு திருகுக் குழாயைத் திறந்தார். தண்ணீர் வரவில்லை, வெறும் ஆவி சீறியது.

“அலமாக்!” என்று மலாயில் பதறினார்.

நான் இன்னொரு பம்பைத் திறக்க ஓடினேன்.

“தண்ணி விடாத! பழுக்கக் காஞ்ச இரும்புல பட்டா வெடிச்சிரும். பொம்பளைங்கள வெளிய அனுப்பு!”

பழம் சீவும் பெண்களை நான் வெளியேற்றுவதற்குள், அவர் தனியாக ஈரச் சாம்பலை அள்ளிப்போட்டு நெருப்பை அடக்கிவிட்டார்.

“என்னாச்சுண்ணே?” என்று பாக்கியம் கேட்டார். பழம் சீவும் பெண்களில் மூத்தவர் அவர்.

“பம்பு அடைச்சிருந்திச்சு. ஆனா தப்பு என்னோடது. சத்தத்தக் கேட்டு, தண்ணி இருக்குன்னு நானே முடிவு பண்ணிட்டேன்.”

முதலாளியிடமும் அதையே சொன்னார். அதனால் வேலை போயிருக்கலாம், ஏனோ போகவில்லை. அன்றிலிருந்து முறை மாறும்போதெல்லாம், “என்னை நம்பாத, தம்பி. தொறந்து பாத்துக்க” என்பார். நான் திறந்து பார்ப்பதில் அவருக்கு மனத்தாங்கலே இருந்ததில்லை.

பிறகொருநாள், அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பாயிலரில் ஏதோ சத்தம் என்று பாக்கியம் ஓடிவந்தார். அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு போய்ப் பார்த்தார். கூரையில் தென்னைமட்டை உரசிக்கொண்டிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். பாக்கியத்தின் முகம் சுருங்கியது.

“சிரிக்காதீங்க லா. அப்புறம் நெசமா சத்தம் வந்தாலும் சொல்ல மாட்டாங்க. பாக்கியம், நாளைக்கும் இப்படியே ஓடிவாம்மா.”

இப்போது அந்தப் பாயிலர் என் பொறுப்பில் இருக்கிறது. யார் வந்து என்ன சொன்னாலும் எழுந்துபோய்ப் பார்க்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை. சொன்னவருக்கு நன்றி சொல்லிவிட்டு, திரும்பிவந்து ஆறிய சோற்றை நிம்மதியாகச் சாப்பிடுகிறேன். அண்ணன் எனக்கு விட்டுச்சென்றது அந்த நிம்மதிதான்.