கேஸ் வண்டி

பெங்களூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட, என் மச்சானும் நானும் ஒரு கேம்பிங் டிரெய்லர் செய்தோம். டீசல் வண்டிதான் இழுக்கும் என்றான் அவன். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்ற திமிர். ஓர் அமெரிக்காக்காரனின் வீடியோவைக் காட்டி, "கேஸ் வண்டியே போதும்ங்கறான்டா" என்று அவன் வாயை அடைத்தேன். கேஸில் ஓடும் சிஎன்ஜி பிக்கப் வாங்கினோம்.

முதல் ஓட்டத்திலேயே, மச்சான் ஓட்ட, சானமாவு காட்டு ஏற்றத்தில் அது திணறி நின்றது. டிரெய்லர் எங்களைப் பின்னால் இழுத்துப்போய்ப் புளியமரத்தில் மோதி நசுங்கியது.

"ஓட்டத் தெரியாத நாயே!" இறங்கிய வேகத்தில் வீல் ஸ்பேனரால் மச்சானின் வாயிலேயே அடித்தேன். பல் தெறித்தது.

பின்னால் வந்த லாரி டிரைவர் ஓடிவந்து என்னைப் பிடித்தார். "அவர ஏங்க அடிக்கறீங்க? இவ்ளோ வெயிட்ட கேஸ் வண்டி இழுக்குமா?"

"அமெரிக்காவுல இழுக்குதே!"

"அங்க பெட்ரோலத்தாங்க கேஸுன்னு சொல்லுவாங்க."

மச்சான் ரத்தத்தைத் துப்பினான். "அந்த வீடியோவ எனக்குத் தமிழ்ல சொன்னது யாரு மாமா?"

ஸ்பேனரை அவனிடம் நீட்டினேன். வேண்டாம் என்பான் என்றுதான் நினைத்தேன்.

வாங்கிக்கொண்டான்.